கஞ்சி காய்ச்சக் கேட்ட தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சி,

மே 18 நினைவு நாளில் கோயில் மண்டபத்தில் நூறு பேருக்கு முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சப் போவதாக எழுதியிருந்தீர். தேங்காய்ப்பாலும் பயறும் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர். வேண்டாம். 2009இல் இலங்கைப் போரின் கடைசி மாதங்களில், முள்ளிவாய்க்கால் கடற்கரைத் துண்டில் சிக்கிய சனத்தின் உயிரைப் பிடித்து வைத்தது அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். பயறை ஆடிப்பிறப்புக் கூழுக்குத் தாராளமாகப் போடும்.

ஆளுக்கு 200 மில்லிலீற்றர் என்றால் 20 லீற்றர் வேண்டும். 2 கிலோ சிவப்புப் பச்சையரிசி, 22 லீற்றர் தண்ணீர். கிடாரம் 30 லீற்றருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிடும். ஒரு மணி நேரம் ஊறிய அரிசியைத் தண்ணீர் கொதித்த பிறகே போடும். முதலிலேயே போட்டால் அடியில் படிந்து பிடிக்கும். முதல் பத்து நிமிடம் கையெடுக்காமல் கிளற வேண்டும். பிறகு தீயைத் தணித்து, அகப்பை அடியைத் தொடும்படி இடையிடையே கிளறினால் போதும். குழைய ஒரு மணி நேரம் பிடிக்கும். உப்பு 80 கிராமில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டும்.

அப்படியும் அடிப்பிடித்தால் சுரண்டாமல் மேலே உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றும். சுரண்டினால் கருகல் மணம் முழுக்கப் பரவும். கஞ்சி நிற்க நிற்க இறுகும். அதற்கு 3 லீற்றர் சுடுதண்ணீர் தனியே இருக்கட்டும். கடைசி ஆள் வாங்கும்வரை அடுப்பைவிட்டு இறக்க வேண்டாம். வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த கஞ்சியில் கிருமி நஞ்சு உண்டாகி வயிற்றைக் கெடுக்கலாம், திரும்பக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

தேங்காய்ச் சிரட்டையில் கொடுப்பதென்றால் கண் இல்லாத பாதியாகப் பார்த்து எடும். கண் உள்ள பாதி ஒழுகும். தும்பு போகத் தேய்த்து, விளிம்பை அரத்தாள் போட்டு மழுப்பி, பத்து நிமிடம் அவித்துக் காயவிடும். சிரட்டையைக் கீழே வைத்தால் சரியும்; கை நடுங்கும் முதியவர்களுக்குக் கைபிடி உள்ள கோப்பைதான் நல்லது.

கஞ்சியைவிட வழிபாட்டில்தான் கூடப் பிழை நடக்கிறது. தேவாரமோ செபமோ எதுவானாலும், "எங்களைக் காப்பாற்றிய இறைவா" என்று தொடங்க வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்த மண்டபத்தில் இருப்பார். என் பிள்ளையை ஏன் விட்டார் என்றுதான் அவர் மனம் கேட்கும். தந்தவர்களுக்காக நன்றி சொல்லும்: அன்று கஞ்சிக் கொட்டிலில் நின்று காய்ச்சியவர்கள், மருந்தில்லாமலும் விட்டுப் போகாத வைத்தியர்கள், தாதியர், சனத்தோடே நின்ற குருமார். 2009 ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மார், பிள்ளைகள் மீது எறிகணை விழுந்ததை ஐ.நா. வல்லுநர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இறந்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை அப்படியே இருந்ததாம். மன்றாட்டில் அவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்.

எண்ணிக்கை வாசிப்பதானால் யார் சொன்னது என்பதையும் சேர்த்து வாசியும். 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. குழு. அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் கணக்குக் கேட்டது 146,679 பேருக்கு. முன்னது இறந்தவர்கள் பற்றிய மதிப்பீடு, பின்னது என்ன ஆனார்கள் என்றே தெரியாதவர்களின் தொகை. மேடைகளில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது எரிச்சலூட்டுகிறது.

காவல்துறை வருமா என்ற பயம் வெளிநாட்டில் இருக்கும் உமக்கு இல்லை. இலங்கையிலோ 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இதே கஞ்சியைக் கொடுத்ததற்காக நான்கு பேர் கைதானார்கள். இதைப் பிள்ளைகளுக்கு வரிசையில் நிற்கும்போதே சொல்லலாம், தனியே உரை தேவையில்லை.

பதினொரு மணிக்குக் கொடுப்பதானால் எட்டு மணிக்கே அடுப்பை மூட்டும். 22 லீற்றர் கொதிக்கவே முக்கால் மணி நேரம் போய்விடும். கிளற மூன்று பேரை மாற்றி மாற்றி விடும்.

அன்புடன்,
அக்கா