சென்னை பெருநகரக் காவல் ஆணையருக்கு: கேமராவைக் கொஞ்சம் முன்னாலேயே ஆன் செய்யச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். உயர் நீதிமன்றத்தில் போதைப்பொருள் வழக்கு மேல்முறையீடுகளில் வாதாடுகிறவன் நான். ராத்திரி வாகனச் சோதனையே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆந்திரப் பக்கமிருந்து கஞ்சா வந்துகொண்டிருக்கும்வரை மாதவரம் ரவுண்டானாவில் பேரிகார்டு நிற்கத்தான் வேண்டும். நான் பேச வந்தது அந்தச் சோதனையின் வீடியோ எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதைப் பற்றி.

வண்டியை நிறுத்தி, ஆர்.சி. புக் பார்த்து, சந்தேகம் வந்து, ஒருவர் உடம்பைச் சோதிக்கப் போகிறீர்கள். 'கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று அதற்கு முன் அவரிடம் சொல்லியாக வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 50-வது பிரிவு இது. 1999-ல் பல்தேவ் சிங் வழக்கிலும், 2010-ல் விஜய்சிங் ஜடேஜா வழக்கிலும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகளே இதைக் கறாராகச் சொல்லிவிட்டன.

என் மேஜைக்கு வரும் வழக்குக் கட்டுகளில் இருப்பதோ ஜெராக்ஸ் படிவம். பெயருக்கு விட்ட கோட்டில் மட்டும் பேனா எழுத்து. 'நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்' என்ற சம்மதம் முன்கூட்டியே டைப் ஆகியிருக்கிறது! சோதிக்கும் அதிகாரி தன்னையே மூன்றாவது வாய்ப்பாக நீட்டக்கூடாது என்று 2014-ல் பர்மானந்த் தீர்ப்பு வந்த பிறகும் இப்படி. தமிழ் தெரியாத ஒடிசா தொழிலாளி தமிழ்ப் படிவத்தில் கைநாட்டு வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

கையில் இருக்கும் பைக்கும் வண்டியின் டிக்கிக்கும் 50-வது பிரிவு பொருந்தாது (2005, பவன்குமார்). அது எனக்கும் தெரியும். ஆனால் மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள் 50 கிராமைத் தாண்டினாலே 'வணிக அளவு', அதாவது சட்டத்தில் கடும் தண்டனைக்குரிய அளவு. பேன்ட் பாக்கெட்டில் அடங்கிவிடும்; அதைத் தேடுவது உடம்புச் சோதனைதான். அப்புறம் ஜாமீன் குதிரைக்கொம்பு, தண்டனை குறைந்தது 10 ஆண்டு. மேல்முறையீட்டில் அந்தப் படிவம் கிழிபடும்போது நிஜக் கடத்தல்காரனும் அதே ஓட்டை வழியாக வெளியே போகிறான். சிக்கவைக்கப்பட்டவனோ அதற்குள் பல வருடம் புழல் சிறையில் கழித்திருப்பான். இதில் யாருக்கு லாபம், ஐயா?

2024 ஜூலை 1 முதல் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவின்படி கட்டாயம். நான் பார்த்த பதிவுகள் பொட்டலம் பானெட் மேல் வந்த பிறகே தொடங்குகின்றன. பாக்கெட்டில் கை போகும் முன்பே, அந்த உரிமையை அவருக்குப் புரியும் மொழியில் வாயால் சொல்வதிலிருந்து பதிவு தொடங்கட்டும். ராத்திரியில் அழைத்தால் வரக்கூடிய, அந்தச் சோதனைக் குழுவில் இல்லாத கெசட்டட் அதிகாரிகளின் பட்டியல் ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் இருக்கட்டும். பதிவு கேட்டு நாங்கள் மனுப் போட்டால், 'மெமரி கார்டு நிரம்பிவிட்டது' என்ற பதில் இனி வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாரிமுனையிலிருந்து ஒரு வழக்கறிஞர்