இரண்டு, நான்கு, ஆறு

அட்லாண்டா

அன்புள்ள ரங்கா,

இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் வலியும் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இத்தனை காலம் பதில் போடாததற்காக நீ என்னைத் திட்டியதைச் சீனு ஒரு சொல்லும் குறைக்காமல் எனக்குத் தெரிவித்துவிட்டான். ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. உன் கடிதத்தில் இருந்த ஒரு வாக்கியம்தான் என்னை இங்குள்ள நூலகத்திலேயே கட்டிப்போட்டது. "நம் ஆளுநரை டெல்லி அனுப்புகிறது; அமெரிக்காக்காரன் தன் ஆளுநரைத் தானே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறான்; ஆகவே அங்கே தகராறுக்கே இடமில்லை" என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாய். நீ கோடு போட்டுவிட்டால் மேல்முறையீடு கிடையாது என்பது விடுதிக் காலத்துச் சட்டம். இருந்தாலும், நான் இப்போது குடியிருக்கும் இதே ஜார்ஜியா மாநிலத்தில் 1946-இல் நடந்த ஆளுநர் தேர்தலை உன் முன் வைக்கிறேன். மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் 1947 ஜனவரியில் மூன்று பேர் தாமே ஆளுநர் என்று உரிமை கொண்டாடினார்கள்.

முதலில் சிரிப்பு வரும் பகுதியைச் சொல்லிவிடுகிறேன், அது உனக்குப் பிடிக்கும். யூஜின் டால்மேட்ஜ் என்பவர் சிவப்பு சஸ்பெண்டரை இழுத்துவிட்டுக்கொண்டு கிராமம் கிராமமாகப் பேசியே ஏற்கெனவே மூன்று முறை ஆளுநர் தேர்தலில் வென்றவர். 1946-இல் நான்காம் முறையாகவும் வென்றார். அக்காலத்து ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வென்றவரே ஆளுநர். நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. ஆனால் டால்மேட்ஜின் உடல்நிலை சரியில்லை. அவர் தேற மாட்டார் என்று உணர்ந்த ஆதரவாளர்கள், நவம்பர் தேர்தலில் அவருடைய மகன் ஹெர்மனின் பெயரைச் சிலரைக் கொண்டு வாக்குச்சீட்டில் கையால் எழுதிப் போடச் செய்தார்கள். பதவியேற்பதற்கு முன்பே, டிசம்பர் 21 அன்று, தந்தை இறந்துவிட்டார். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், உயிரோடிருப்பவர்களில் அதிக வாக்குப் பெற்ற இருவரில் ஒருவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கலாம் என்று மாநில அரசியல் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அந்த ஓட்டை வழியாக மகனை உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்பதே அவர்கள் திட்டம்.

ஜனவரியில் சட்டமன்றம் கூடி எண்ணியபோது, பெயர் எழுதிப் போடப்பட்ட வாக்குகளில், உட்கட்சித் தேர்தலில் டால்மேட்ஜை எதிர்த்து நின்ற ஜேம்ஸ் கார்மைக்கேலுக்கு 669, குடியரசுக் கட்சிக்காரரான பவர்ஸுக்கு 637, ஹெர்மனுக்கு 617. மகன் மூன்றாம் இடம். அதாவது ஆட்டத்திலேயே இல்லை. அந்த நேரம் பார்த்து, டால்மேட்ஜ் குடும்பத்தின் சொந்த ஊரான டெல்ஃபேர் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) வந்த வேறோர் உறையில் 58 வாக்குகள் "அகப்பட்டன". ஹெர்மனின் கணக்கு 675 ஆயிற்று. நள்ளிரவு தாண்டி 161-க்கு 87 என்ற கணக்கில் சட்டமன்றம் அவரை ஆளுநராக்கியது. அப்போது அவருக்கு வயது 33.

பதவியில் இருந்த எல்லிஸ் ஆர்னால், முறையான வாரிசு வரும்வரை தாமே ஆளுநர் என்று கூறி விலக மறுத்தார். ஹெர்மனின் ஆட்கள் அலுவலகத்தைக் கைப்பற்றிப் பூட்டுகளை மாற்றிவிட்டார்கள். ஆர்னால் தலைமைச் செயலகக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் இருந்த தகவல் மேசையில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே ஆட்சி நடத்த முயன்றார். சில நாட்களில், துணை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த மெல்வின் தாம்சன் பதவியேற்றதும், ஆர்னால் அவருக்கு வழிவிட்டு விலகினார். தாம்சன் நகருக்குள் தனியாக ஓர் அலுவலகம் திறந்தார். இத்தனைக்கும் நடுவே மாநில முத்திரை எங்கே போயிற்று என்று தேடினால், மாநிலச் செயலாளர் பென் ஃபோர்ட்சன் அதை எடுத்து மறைத்துவிட்டிருக்கிறார். விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியிலேயே நடமாடிய மனிதர். முத்திரையைத் தம் நாற்காலியின் மெத்தைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். முத்திரை விழாத உத்தரவுக்கு மதிப்பேது? நம் தலைமைக் குமாஸ்தா அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விடுப்பில் போனாரே, அந்த நாள் உனக்கும் நினைவுக்கு வந்திருக்கும்.

மார்ச் 19 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 5-க்கு 2 என்று தீர்ப்பளித்தது. யூஜினுக்குப் பெரும்பான்மை கிடைத்துவிட்டது. ஆகவே வேறொருவரைத் தேர்ந்தெடுக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரமே பிறக்கவில்லை. ஆர்னால் விலகிய பிறகு தாம்சனே ஆட்சிக்கு உரியவர். ஹெர்மன் அன்றே வெளியேறினார். அந்த 58 வாக்குகளின் குட்டு இந்தத் தீர்ப்புக்கு முன்பே, அதே மாதத் தொடக்கத்தில், உடைந்திருந்தது. அட்லாண்டா ஜர்னல் நாளிதழின் நிருபர் ஜார்ஜ் குட்வின் டெல்ஃபேருக்குப் போய், வாக்களித்தவர்கள் பட்டியலைப் புரட்டியிருக்கிறார். வரிசையின் கடைசியில் ஆட்கள் அகர வரிசைப்படி வந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள்! அவர்களில் இறந்தவர்களும் இருந்தார்கள், ஊரைவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள், நாங்கள் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்தச் செய்திக்காகக் குட்வினுக்கு 1948-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. கள்ள ஓட்டுப் போடுவதிலாவது நம்மவர்கள் பெயர்களைக் கலைத்துப் போடத் தெரிந்தவர்கள் என்று நீ பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு நீ சிரிப்பாய். இங்கே எவரிடம் கேட்டாலும் இந்த ஜனவரிக் கூத்தைத்தான் சொல்கிறார்கள். என்னை உறங்கவிடாதது அதற்கு முந்தைய ஜூலை மாதம், ரங்கா. ஜனவரியில் நடந்தது சட்டத்தை வளைத்தது. ஜூலையில் நடந்ததில் பெரும்பகுதி சட்டப்படியே நடந்தது.

அந்த ஜூலை 17 அன்று நடந்த உட்கட்சித் தேர்தலில் கார்மைக்கேல் 3,13,389 வாக்குகள் பெற்றார்; யூஜின் டால்மேட்ஜ் 2,97,245 பெற்றார். தோற்றவர் கார்மைக்கேல். எப்படி என்று கேள். வெற்றியைத் தீர்மானித்தது மொத்த வாக்கு அல்ல, கவுண்டிகளுக்கு ஒதுக்கிய 'அலகு' என்ற புள்ளிகள். ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள். மக்கள்தொகை மிகுந்த 8 கவுண்டிகளுக்குத் தலா 6 அலகு, அடுத்த 30-க்குத் தலா 4, மீதி 121-க்குத் தலா 2. ஆக 410 அலகுகள். ஒரு கவுண்டியில் யார் முந்துகிறாரோ அவருக்கே அதன் அலகுகள் முழுவதும். அட்லாண்டா அமைந்த ஃபுல்டன் கவுண்டியில் அப்போது ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் இருந்தார்கள், அதற்கு 6. சில ஆயிரம் பேரே இருந்த காட்டுப்புறக் கவுண்டிகள் மூன்று சேர்ந்தால் அதுவும் 6. இதில் டால்மேட்ஜுக்கு 242 அலகு, கார்மைக்கேலுக்கு 146, முன்னாள் ஆளுநர் ரிவர்ஸுக்கு 22. டிராம் ஓடும் ஊர்களின் ஓட்டு தமக்கு வேண்டியதே இல்லை என்று டால்மேட்ஜ் மேடையில் மார்தட்டியது வெறும் வாய்ச்சவடால் அல்ல. அது 1917-ஆம் ஆண்டிலிருந்து சட்டமாகவே இருந்த கணக்கு. ஐம்பத்தெட்டுக் கள்ள ஓட்டைப் பிடிக்க ஒரு நிருபர் போதும். பதினாறாயிரம் பேரின் முந்தலை அழித்த இந்தக் கணக்கை யார் பிடிப்பது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதக் கை வரவில்லை. வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தல் முறையை நீதிமன்றங்கள் அப்போதுதான் ஒழித்திருந்தன. வாக்களிப்பதற்காகக் கட்ட வேண்டியிருந்த வரியையும் ஆர்னால் 1945-இல் நீக்கியிருந்தார். அதனால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிந்துகொண்டார்கள். டால்மேட்ஜ் தரப்பு அச்சடித்த ஆட்சேபணைப் படிவங்களைக் கவுண்டி கவுண்டியாக அனுப்பி, ஆயிரக்கணக்கானோரின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வைத்தது. டெய்லர் கவுண்டியில் மேசியோ ஸ்னைப்ஸ் என்ற கறுப்பினத்தவர் எல்லாத் தடையையும் மீறி வாக்களித்தார். உலகப் போரில் பசிபிக் முனையில் பணியாற்றித் திரும்பியவர். மறுநாள் வெள்ளையர் சிலர் அவர் தங்கியிருந்த வீட்டுக்கு வந்து அவரை வெளியே அழைத்துச் சுட்டார்கள். இரண்டு நாளில் இறந்துவிட்டார். தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொன்னதை மரண விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. அதற்கடுத்த வாரம் வால்டன் கவுண்டியில் மூர்ஸ் ஃபோர்டு பாலத்தருகே இரண்டு கறுப்பினத் தம்பதியரை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அந்த ஆகஸ்டில் அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன் நாளிதழுக்கு ஆசிரியர் கடிதம் எழுதிய கல்லூரி மாணவர் ஒருவருக்கு வயது 17. பெயர் மார்ட்டின் லூதர் கிங். இன்று தலைமைச் செயலக வளாகத்தில் யூஜின் டால்மேட்ஜுக்கும் சிலை இருக்கிறது, 2017-இல் கிங்குக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். மருமகன் இரண்டின் முன்னாலும் என்னை நிறுத்திப் படம் எடுத்தான். முதல் படத்தை அழிக்கச் சொல்லிவிட்டேன்.

ஹெர்மன் என்ன ஆனார் என்று நீ கட்டாயம் கேட்பாய். 1948-இல் தாம்சனைத் தேர்தலிலேயே தோற்கடித்து ஆளுநரானார். பிறகு 1957 முதல் 1981 வரை அமெரிக்க செனட்டில் இருந்தார். அலகுக் கணக்கு 1962 வரை நீடித்தது. 1963-இல் கிரே எதிர் சாண்டர்ஸ் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று உறுதி செய்தது. ஆனால் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும் அந்தப் பழைய விதியை யாரும் தொடவில்லை. 1966-இல் குடியரசுக் கட்சியின் போ கேலவே முதலிடம் வந்தும், ஆர்னாலின் பெயரை ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் எழுதிப் போட்டதால் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது இரண்டாமிடம் வந்த லெஸ்டர் மேடாக்ஸை. தம் உணவகத்துக்குள் கறுப்பினத்தவரை நுழையவிடாமல் விரட்டியே பெயர் வாங்கியவர் அவர். அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 5-க்கு 4 என்று விதி செல்லுமென்றார்கள். வழக்கின் பெயர் ஃபோர்ட்சன் எதிர் மாரிஸ். ஆமாம், முத்திரையின் மேல் உட்கார்ந்திருந்த அதே ஃபோர்ட்சன்தான், இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பதவியில்!

இனி உன் வேலை. 410-இல் வெல்ல 206 அலகு போதும். 121 சின்னக் கவுண்டிகளை மட்டும் பிடித்தாலே 242 வந்துவிடுகிறது. பெரிய கவுண்டி ஒன்றில்கூட முந்த வேண்டியதில்லை. அப்படியானால் மாநிலத்தில் எத்தனை விழுக்காடு பேர் ஆதரித்தால் ஒருவன் ஆளுநராகலாம் என்று நீ கணக்குப் போட்டு எழுது. மும்முனைப் போட்டி என்றால் தனியாகப் போடு. 1940-ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். கமலா அண்ணிக்கு என் வணக்கம். மருந்தை ஒழுங்காக உனக்குக் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைவாசி