பொதுப்பாடங்களைக் குறைக்க விடாதே

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி ரொம்ப சந்தோஷம், என் வாழ்த்தைச் சொல்லிவிடு. அம்மாவின் முழங்கால் வலி இன்னும் தீரவில்லை என்று எழுதியிருந்தாய். இரத்த அழுத்த மாத்திரையோடு வலி மாத்திரையையும் தினமும் சாப்பிடுகிறார் என்றால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். நான் அதே மருத்துவமனை மருந்தகத்தில்தான் இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பி.பார்ம் (மருந்தாளுநர் இளநிலைப் பட்டப்படிப்பு) மாணவர்களைக் கவனிக்கும் பொறுப்பும் இப்போது என்னிடம் வந்திருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மொழி, புள்ளியியல், அறவியல், வரலாறு, சமூகவியல் என்று பொதுப்பாடங்கள் எல்லாவற்றுக்கும் கிரெடிட்டை, அதாவது பாடத்துக்கு ஒதுக்கும் அளவை, பாதியாக்கி, மிச்சத்தை மருந்து வேதியியலுக்குக் கொடுக்கலாம் என்று உங்கள் கல்லூரியின் பி.பார்ம் பாடத்திட்டக் குழுவில் பேசுகிறார்களாமே. விடாதே மாலதி. அதே நேரம், அந்தப் பாடங்கள் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்றும் நான் சொல்லவில்லை. நோயாளி யாரையும் பார்க்காத முதலாண்டு மாணவனிடம் மொத்தத்தையும் கொட்டி முடித்துவிடுகிறோம். அவனும் பாஸ் ஆக வேண்டுமே என்று படித்துவிட்டு மறந்துபோகிறான்.

புள்ளியியலையே எடுத்துக்கொள். ஒரு புது மருந்து மாரடைப்பை 50 சதவீதம் குறைக்கிறது என்று விளம்பரத் தாள் வருகிறது. மாணவர்களிடம் காட்டினால் அசந்துபோகிறார்கள். மருந்து எடுக்காத 100 பேரில் 2 பேருக்கு மாரடைப்பு, எடுத்த 100 பேரில் ஒருவருக்கு என்றாலும் அதே 50 சதவீதம்தான். ஒருவரைக் காப்பாற்ற 100 பேர் அந்த மருந்தைச் சாப்பிட வேண்டும், பக்கவிளைவையும் செலவையும் அந்த 100 பேருமே சுமக்க வேண்டும் என்று விளக்கினால் முகம் மாறிவிடுகிறது. சராசரியும் திட்டவிலக்கமும் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள்தான் இவர்கள். அந்தக் கணக்கை எதற்காகப் போடுகிறோம் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. வேறு எந்தப் பாடத்தைக் குறைத்தாலும் இதைத் தொட விடாதே.

வரலாறு எதற்கு என்று ஒருவர் கேட்டாராம், எழுதியிருந்தாய். அவரிடம் 1937-இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல். கிருமித் தொற்றுக்குக் கொடுத்த சல்பானிலமைடு நல்ல மருந்துதான். குழந்தைகளுக்கு ஏற்றபடி அதை இனிப்பான திரவமாக்க டைஎத்திலீன் கிளைகால் என்ற கரைப்பானில் கரைத்து விற்றார்கள். அந்தக் கரைப்பான் நஞ்சா என்று விற்பதற்கு முன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அப்போதைய சட்டமும் அதைக் கேட்கவில்லை. 100 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் குழந்தைகள் நிறைய. அதற்குப் பிறகுதான் 1938-இல் சட்டத்தை மாற்றினார்கள். இத்தனைக்குப் பிறகும் 2006-இல் பனாமாவிலும் 2022-இல் காம்பியாவிலும் இருமல் சிரப்பில் அதே நஞ்சு வந்தது. கரைப்பானின் வேதியியலை நாம் நன்றாகவே சொல்லித் தருகிறோம். மருந்து செய்யும் இடத்துக்கு வந்து இறங்கிய கரைப்பான் பீப்பாயில் என்ன இருக்கிறது என்று சோதிக்காமல் ஏன் விடுகிறார்கள், பணம் எங்கே குறுக்கே வருகிறது, தடுத்திருக்க வேண்டியவர் ஏன் பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் வேதியியல் வகுப்பில் வருவதில்லை. எனக்கு இதில் கோபமே வரும். செத்தவர்களில் எத்தனையோ பேர் பச்சைக் குழந்தைகள்.

மொழிப்பாடத்தில் இலக்கணத் தேர்வு வேண்டாம் என்றால் அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக எழுதச் சொல்லிக் கொடுங்கள். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை வாரத்துக்கு ஒருநாள்தான் எடுக்க வேண்டும். தினமும் சாப்பிட்டு உயிரைவிட்டவர்கள் உண்டு. மருந்துச்சீட்டில் எல்லாம் சரியாக இருந்து, உறையின்மேல் நாம் எழுதுவது தெளிவாக இல்லாவிட்டாலே போதும், இப்படி ஆகிவிடும். "வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை மட்டும்" என்று கிழமையோடு எழுத வேண்டும், நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாத பெரியவருக்கு எப்படிச் சொல்வது, வெட்கப்பட்டுக் கேட்காமல் போகிறவரை எப்படிப் பேச வைப்பது என்பதும் இதே பாடத்தில்தான் வர வேண்டும். அடிப்படைக் கணினிப் பாடத்தை வேண்டுமானால் எடுத்துவிடலாம். அது பிள்ளைகளுக்குத் தானாகவே வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் மருந்தாளுநர் ஆவதற்கான ஃபார்ம்டி பட்டப்படிப்பில் சேருவதற்கு முன்பே குறைந்தது 2 ஆண்டுகள் கல்லூரியில் படித்திருக்க வேண்டும், பொதுப்பாடங்கள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். வேறு பல நாடுகளில் முதல் நாளிலிருந்தே மருந்தியல் படிப்புதான், பொதுப்பாடம் அதற்குள்ளேயே வரும். இந்த இரண்டாவது முறைதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும். புள்ளியியலில் அடிப்படையை முதலாண்டில் வை, ஆய்வுக்கட்டுரையைப் படித்து எடைபோடுவதை மூன்றாமாண்டுக்குக் கொண்டுபோ. அறவியலைப் பயிற்சி முடிந்து திரும்பும் செமஸ்டரில் வை. மருந்தகத்தில் நின்றுவிட்டு வந்தவனிடம் கேள்விகள் தானாகவே இருக்கும்.

குழுவில் பெரிய இடத்து வார்த்தை எடுபடும் என்றால், உலக சுகாதார அமைப்பின் 1997 அறிக்கையை எடுத்துக் காட்டு. மருந்தாளுநருக்கு வேண்டிய பொறுப்புகள் என்று 7 சொல்கிறது. பராமரிப்பவர், முடிவெடுப்பவர், எடுத்துச் சொல்பவர், நிர்வகிப்பவர், தலைமை தாங்குபவர், வாழ்நாள் முழுக்கக் கற்பவர், கற்பிப்பவர். வேதியியலை மட்டும் கூட்டினால் இதில் எத்தனை வந்துசேரும் என்று நீயே அவர்களிடம் கேள்.

அப்புறம், வரைவுத் திட்டம் கையில் இருந்தால் அடுத்த கடிதத்தோடு அனுப்பு. மூன்றாமாண்டுக்கு ஏற்ற உண்மைச் சம்பவங்களை, நோயாளிகளின் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, எழுதித் தருகிறேன். கூட்டம் எந்தத் தேதி என்று சொல், அதற்குள் முடித்துவிடுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தி