அதே கதையை நான்காவது முறை கேட்கும் முன்

நம் நிறுவனத்தின் மூத்த பங்குதாரர்களுக்கு,

வணக்கம். நான் சேர்ந்தபோது குடும்ப வழக்குப் பிரிவில் மூன்று பேர் இருந்தோம். இன்று பதினொரு பேர். வளர்ச்சியில் எனக்கும் சந்தோஷம்தான், சம்பளமும் கூடியிருக்கிறது. ஆனால் ஒரு கட்சிக்காரர் நம் வாசலில் நுழைந்ததும் என்ன நடக்கிறது என்று ஒருநாள் அவர் பின்னாலேயே வந்து பாருங்கள்.

வரவேற்பில் படிவம். அப்புறம் ஒரு ஜூனியர் உட்கார வைத்துக் குறிப்பெடுப்பார். இரண்டு வாரத்தில் அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவீர்கள். வழக்குக் கட்டு மேசை மேசையாக நகரும். போன மாதம் அப்படி என்னிடம் வந்த ஒரு பெண், உட்கார்ந்ததுமே பையிலிருந்து ஒரு பள்ளி நோட்டை எடுத்து நீட்டினார். "மூணு பேர்கிட்ட சொல்லிட்டேன் மேடம். இனிமே என்னால முடியாது, படிச்சுக்கங்க." எந்தெந்த நாளில் அடி விழுந்தது என்று தேதி போட்டு எழுதியிருந்தார். நடுநடுவே மகளின் வகுத்தல் கணக்குகள். (அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

படிக்க நாற்பது நிமிடம் ஆனது. நம் நேரக் கணக்கில் ஆறு நிமிடம் ஓர் அலகு, முழுதாக்கினால் ஏழு அலகு. முன்னே மூன்று பேர் கேட்டதற்கும் பில் போயிருக்கிறது. நம் உள்நிர்வாகக் குழப்பத்துக்கு அவர் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்ட வழக்கென்றால் இது பணத்தோடு முடியாது. இத்தகைய பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980 ஹேக் உடன்படிக்கை இரண்டு நாடுகளுக்கும் இடையே அமலில் இருந்தால், கொண்டுபோன ஓராண்டுக்குள் தொடுத்த வழக்கில், சில விலக்குகள் போக, பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்வதுதான் விதி. ஓராண்டு தாண்டினால், பிள்ளை புது இடத்தில் வேரூன்றிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட வழி கிடைத்துவிடும். கட்டு நகர்வதில் போகிற வாரங்கள் அந்த ஓராண்டில்தான் கழிகின்றன.

இன்னொன்று. புதுக்கிளை திறந்த பிறகு மனைவி இங்கேயும் கணவர் அங்கேயுமாக ஆலோசனைக்கு வந்தார்கள். மனைவி கல்யாணத்துக்கு முந்தைய பெயரைக் கொடுத்திருந்ததால், இருவரும் ஒரே வழக்கின் எதிரெதிர்த் தரப்பு என்பதைக் கணினி கண்டுபிடிக்கவில்லை. தெரிந்தபோது இருவரும் எல்லாவற்றையும் கொட்டியிருந்தார்கள். இரண்டு பேரையும் கைவிட வேண்டியதாயிற்று.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பழைய பெயர், துணைவர் பெயர் எல்லாம் வைத்து எதிர்த்தரப்பும் நம்மிடம் வந்திருக்கிற முரண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கதை கேட்போம். முதலில் கேட்டவரே கடைசிவரை வழக்கை நடத்தட்டும். முதல் சந்திப்புக்கு அலகு வேண்டாம், ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளலாம்.

என்னைப் புதுக்கிளைக்கு மாற்றும் உத்தரவு நேற்று வந்தது. நோட்டில் மகளுக்கு இன்னும் பக்கம் மிச்சமிருக்கிறதாம், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். அன்று அவர் எதிரே யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
குடும்ப வழக்குப் பிரிவில் ஒரு வழக்கறிஞர்