செயலாளர் ஆண்டறிக்கை: டார்ப்பன் பருவமும் சாதனை விண்ணப்பங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஃப்ளோரிடாவின் ஹோமசாசா பகுதியில் டார்ப்பன் என்னும் பெரிய கடல்மீனைத் தூண்டிலில் பிடிக்கும் பருவம் முடிந்தது. இந்த ஆண்டும் நம் சங்கத்திலிருந்து ஐ.ஜி.எஃப்.ஏ.வுக்கு (தூண்டில் மீன்பிடிச் சாதனைகளைப் பதிவு செய்யும் உலக அமைப்பு) சாதனை விண்ணப்பம் எதுவும் போகவில்லை. ஃப்ளையில் (இறகும் நூலும் கட்டிய செயற்கை இரை), 20 பவுண்டு டிப்பெட்டில் (அந்த இழுவிசை வரை தாங்கும் மெல்லிய இழை) 2001 மே 11 அன்று ஜிம் ஹாலண்ட் ஜூனியர் பிடித்த 202 பவுண்டு 8 அவுன்ஸ்தான் இங்கே எல்லோர் வாயிலும் அடிபடும் எண். ஒரு அவுன்ஸ் கூடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; போதாது. 25 பவுண்டுக்கு மேற்பட்ட மீன் என்றால் பழைய எடையை அரை சதவீதமாவது தாண்ட வேண்டும். இங்கே அது ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்.

லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் நுனி இழை) கட்டும் பயிலரங்கில் வந்த லீடர்களில் பல விதிக்குள் அடங்கவில்லை. ஐ.ஜி.எஃப்.ஏ. விதிப்படி கிளாஸ் டிப்பெட் (சாதனைப் பிரிவைத் தீர்மானிக்கும் இழை) முடிச்சுகளுக்கு இடையில் 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஷாக் டிப்பெட் (மீன் வாயின் உராய்வைத் தாங்க ஃப்ளையை ஒட்டிக் கட்டும் தடித்த இழை) முடிச்சுகளையும் சேர்த்து 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. முடிச்சு இறுகும்போது அளவு மாறும். ஆகவே ஷாக்கை 11 அங்குலத்திலும் டிப்பெட்டை 18 அங்குலத்திலும் நிறுத்துங்கள். பிமினி முடிச்சுக்கு 20 சுற்று. இறுக்கும் முன் எச்சிலால் நனைக்காவிட்டால் உராய்வுச் சூட்டில் நைலான் பலவீனப்படும், அறுவது அங்கேதான்.

கடையில் வாங்கும் சாதாரண 20 பவுண்டு நைலான் பல சமயம் அதைவிட அதிகம் தாங்கும். விண்ணப்பத்தோடு போகும் மாதிரியை ஐ.ஜி.எஃப்.ஏ.வில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துத்தான் இழுத்துப் பார்க்கிறார்கள்; பிரிவு வரம்பைத் தாண்டிவிட்டால் அந்தப் பிரிவில் இடமில்லை. கிளாஸ் என்று சோதித்து விற்கும் டிப்பெட்டையே வாங்குங்கள். மீன் கைக்கு வந்ததும் ஃப்ளையை வெட்டி எடுக்க வேண்டாம்: ஃப்ளை, முழு லீடர், ஃப்ளை லைனில் ஓர் அங்குலம், எல்லாம் ஒரே துண்டாக விண்ணப்பத்தோடு போக வேண்டும்.

லைன் ஓட ஓட ஸ்பூலில் (ரீலில் லைன் சுற்றும் உருளை) சுற்றின் விட்டம் சுருங்கி, டிராக் (லைன் ஓடுவதைத் தடுக்கும் ரீலின் பிடி) தானாகக் கூடும். தண்ணீரில் வளைந்து கிடக்கும் லைனும் இழுக்கும். மீன் தூரம் போனால் டிராக்கைத் தளர்த்துங்கள். பலர் செய்வது நேர்மாறு.

ஃப்ளோரிடாவில் 2013 முதல் சாதனை முயற்சிக்காக மட்டுமே டார்ப்பனை வைத்துக்கொள்ளலாம், அதுவும் அரசு அனுமதி அட்டையான டேக் இருந்தால். ஆளுக்கு ஆண்டுக்கு ஒன்று. டேக் இல்லாமல் 40 அங்குலத்துக்கு மேற்பட்டதைத் தண்ணீரை விட்டுத் தூக்கக் கூடாது. எடை போடக் கரைக்குக் கொண்டுபோன மீன் பிழைக்காது. எனவே படகோரமாகவே அளந்துவிடுங்கள்: சுற்றளவை வர்க்கித்து, நீளத்தால் பெருக்கி, 800ஆல் வகுக்க வேண்டும். நீளம் 80, சுற்றளவு 42 அங்குலம் என்றால் 176 பவுண்டு, விட்டுவிடுங்கள். ஆசைக்கு டேக்கைச் செலவழிப்பதைச் செயற்குழு ஆதரிக்கவில்லை.

சங்கத் தராசின் சான்று 12 மாதத்துக்குத்தான் செல்லும். பருவத்துக்கு முன்பே புதுப்பிக்கப்படும். படகில் போட்ட எடை செல்லாது. அமெரிக்கக் கடலில் பிடித்ததற்கு 60 நாளுக்குள் விண்ணப்பம் சேர வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.