பொது மண்டபக் கூரைப் பணிக்கான நன்கொடை வேண்டுகோள்

மட்டக்களப்பின் கல்லடிப் பகுதியில் வாழும் அன்பர்களுக்கும் புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் வணக்கம்.

வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் எமது பொது மண்டபத்துக்குக் கூரை போட்டாக வேண்டும். மொத்த மதிப்பீடு 38 இலட்சம் ரூபாய். இதுவரை சேர்ந்தது 24 இலட்சம். குறைவாக உள்ள 14 இலட்சத்தில் கூரைக்கு 9 இலட்சமும் தரைக்கும் மின் இணைப்புக்கும் 5 இலட்சமும் தேவை. புரட்டாதி முடிவதற்குள் முற்பணம் செலுத்தாவிடின் கட்டிய சுவர்கள் மழையில் நனையும்.

நகரில் வாடகைக்கு மண்டபம் இருக்கையில் இது எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். மண்டூர், கொக்கட்டிச்சோலை போன்ற பழைய ஊர்களில் கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்த உரிமை, எந்தக் கடமை என்பதை எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வந்தால் ஊரே ஒரு வீடாகிவிடும். இங்கோ உத்தியோகத்துக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் காணி வாங்கி வந்தவர்களும் 2004 சுனாமிக்குப் பின் இடம் மாறி வந்தவர்களும் மதிலுக்கு மதில் அருகருகே குடியிருந்தும், சடங்குக்கு அவரவர் சொந்த ஊருக்கே போகின்றோம். அடுத்த வீட்டில் மரணம் நிகழ்ந்தால் பந்தலுக்கு யாரிடம் சொல்வது என்றுகூடத் தெரியாதிருக்கிறோம். இதனை அயல் எனலாம். ஒரு பொதுச்சுமையைச் சேர்ந்து தூக்காதவரை சமூகம் எனல் ஆகாது.

பிறந்த ஊர் வேறு என்பது சாட்டாகாது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை வளர்த்து, 1947இல் மறைந்தபின் இம்மண்ணிலேயே சமாதி கொண்டுள்ளார். அப்பெருமையை எம் மூத்தோர் இன்றும் சொல்லி மகிழ்வது நியாயமே.

காணியை மனமுவந்து எழுதித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும், ஒருநாள் பிடிபட்ட மீனின் வருமானம் முழுவதையும் தந்த கடற்றொழிலாளர்களுக்கும், கூலி பெறாமல் அத்திவாரம் இட்ட மேசன்மாருக்கும், சிறுசேமிப்பிலிருந்து பங்களித்த மாதர் குழுவினருக்கும், உண்டியலை உடைத்துச் சில்லறையோடு வந்த பிள்ளைகளுக்கும் எமது நன்றி என்றும் உரியது. கையில் குறைவாக இருந்தோரே முதலில் தந்தனர் என்பதையும் இங்கு பதிவு செய்கிறோம்.

மண்டபத்தில் முதலாவது வைபவத்துக்குத் திகதி கேட்டோர் பலர். அவர்களுள் சிலரின் பெயர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இன்னும் ஏறவில்லை. குடும்பத்துக்கு 10,000 ரூபாயை எதிர்பார்க்கிறோம். இயலாதோர் இரண்டு நாள் உடலுழைப்பாகத் தரலாம். பொருளாளரிடம் பணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைத் தவறாது பெற்றுக்கொள்ளுங்கள். கணக்கு விபரம் ஒவ்வொரு பூரணையன்றும் மண்டப வாயிலில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
பொது மண்டபக் கட்டடக் குழுவினர்