என் ஓட்டத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீடியோ கேமை முடிந்தவரை வேகமாக முடிக்கும் ஸ்பீட்ரன் போட்டியில் (இதைத்தான் நாங்கள் 'ஓட்டம்' என்போம்) நான் ஓடிய பிரிவில் என் சாதனை போன வாரம் முறியடிக்கப்பட்டது. முறியடித்தவருக்கு மனமார்ந்த வாழ்த்துகள். அருமையான ஓட்டம் அது. நான் போட்டி ஓட்டத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். கிளம்புவதற்கு முன் சிலருக்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

முதல் நன்றி, எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவருக்கு. எவ்வளவு வேகமாக ஓடினாலும் என் நேரம் ஏன் குறையவில்லை என்று புரியாமல் நான் தவித்தபோது, ஃபிரேம்ரூல் என்ற விதியைப் பொறுமையாக விளக்கியது அவர்தான். இந்த விளையாட்டில் ஒரு நிலை முடிந்து அடுத்தது தொடங்குவது 21 ஃபிரேமுக்கு (திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) ஒருமுறை மட்டுமே, அதாவது சுமார் 0.35 நொடிக்கு ஒருமுறை. குறித்த நேரத்துக்குக் கிளம்பும் பஸ் மாதிரி. ஒரு ஃபிரேம் தாமதமாக வந்தாலும் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்; சீக்கிரம் வந்து நின்றாலும் லாபமில்லை. கடைசி நிலையான 8-4 மட்டும் விதிவிலக்கு. அதன் முடிவில் இருக்கும் கோடரியைத் தொட்டதும் நேரம் நின்றுவிடும், அதனால் அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் கணக்கு.

அதோடு விடவில்லை அவர். நிலையின் முடிவில் நிற்கும் கொடிக்கம்பத்தின் அடிக்கல்லில் சரியான இடத்தில் மாரியோ புகுந்தால் கொடி இறங்கும் காட்சி இல்லாமலே நிலை முடிந்துவிடும். அந்தத் தாவலைத் தானே செய்து, எந்தப் பட்டன் எப்போது அழுத்தப்படுகிறது என்று திரையின் ஓரத்தில் தெரியும்படி பதிவுசெய்து அனுப்பினார். அதை வைத்து அவருடைய நேரத்தையே நான் தாண்டினேன். முதல் வாழ்த்தும் அவரிடமிருந்துதான் வந்தது. இந்தப் பெருந்தன்மைக்கு ஈடாக என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அப்புறம், ஃபிரேம் ஃபிரேமாகக் கருவி வைத்து ஓட்டம் அமைக்கும் டாஸ் (TAS, கருவி உதவியுடன் அமைக்கும் ஓட்டம்) கலைஞர்கள். மனிதக் கைக்கு எட்டாது என்று தோன்றியதை முதலில் திரையில் காட்டியவர்கள் அவர்களே. 2021-இல் நிஃப்ட்ஸ்கி என்ற ஓட்டக்காரர் 4:55-ஐ (4 நிமிடம் 55 நொடி) உடைத்ததும், 2023-இல் அவரே 4:54.631-க்கு வந்ததும் அவர்கள் காட்டிய எல்லையைத் துரத்தித்தான். நானும் என் அளவில் அதைத்தான் துரத்தினேன்.

ஓட்டங்களின் வீடியோவைச் சரிபார்ப்பவர்களை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. கடிகாரம் எந்த ஃபிரேமில் தொடங்கியது, எதில் நின்றது, வீடியோவில் எங்காவது வெட்டு இருக்கிறதா, ஒலி தொடர்ச்சியாக வருகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள். சம்பளம் கிடையாது. அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டதால்தான் என் நேரத்தைச் சாதனை என்று சொல்ல முடிந்தது.

என் நேரலை ஸ்ட்ரீமில் கூட இருந்தவர்களுக்கும் நன்றி. ரீசெட், ரீசெட் என்று முதலிலிருந்தே தொடங்கிக்கொண்டு போன இரவுகளில்கூட நீங்கள் போகவில்லை. நல்ல ஓட்டம் கடைசிக்கு முந்தைய நிலையான 8-3-ஐத் தாண்டியதும் அரட்டையில் ஒரு வார்த்தை வராது. அந்த அமைதி என் கைக்கு எவ்வளவு உதவியது என்று உங்களுக்குத் தெரியாது.

வீட்டில் இருப்பவர்கள் முதல் நிலையான 1-1-இன் இசையைத் தூக்கத்திலும் கேட்டிருப்பார்கள். அம்மா, உங்களுக்குத் தனியாக நேரில் சொல்கிறேன்.

என் பயிற்சிப் பதிவுகள், 8-4 பற்றிய குறிப்புகள் எல்லாவற்றையும் திறந்தே வைத்திருக்கிறேன். புதிதாக ஓட வருபவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எங்காவது புரியவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்களோடு ஓடிய ஒருவன்